சாதுவான குழந்தை

சென்ற ஆண்டு தீபாவளிக்கு முந்தின இரவு எங்கள் தெருவில் ஒரு சிறு யுத்தமே நடந்தது. எதிர் வீட்டுப் பையன்கள் அணுகுண்டு என்று பெயர் பெற்ற வெடிகளைத் தகர டப்பாவுக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின. தெரு நாய்கள் எங்கள் வீட்டு மாடிப்படியின் கீழ் வந்து சரணாகதி அடைந்தன. நான் பள்ளிக்கூட உபாத்தியாயன். இருபது வருஷங்களுக்கு மேலாக ஐம்பது பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே ஜீவனம் செய்கிறவன். அப்படிப்பட்ட நானே அன்று காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூடத்தில் தொட்டிலில் கிடந்த ஐந்து வாரக் குழந்தையோ ஒரு சிணுங்கலும் இன்றி உறங்கிக்கொண்டிருந்தது.

"பார்த்தாயாடா? என்ன சாது, என்ன சாது! நம் குடும்பத்தில் இப்படி ஒரு குழந்தை பிறந்ததே இல்லை" என்று என் அக்காள் குழந்தையின் கன்னத்தை வழித்துத் தன் நெற்றிப் பொட்டில் விரல்களை முறித்துக்கொண்டாள்.

எனக்கு மட்டும் அந்தச் சாதுத்தனம் பிடிக்கவில்லை. அதற்குக் காரணங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்றை வீட்டில் எல்லோரும் அறிவார்கள். ஆனால் யாரும் வாய் திறந்து சொல்லமாட்டார்கள்.

குழந்தை எனக்கு என்ன உறவு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் அக்காளின் மகளை என் தம்பிக்கே விவாகம் செய்து வைத்தோம். ஆகவே குழந்தை ஒரு வழியில் எனக்குத் தம்பி மகள். மற்றொரு வழியில் அக்காள் பேத்தி. அது பேசத் தொடங்கியதும் என்னைப் பெரியப்பா என்று அழைக்க வேண்டுமா, தாத்தா என்று அழைக்க வேண்டுமா என்பது பற்றி வீட்டில் ஓயாத விவாதம். நாற்பத்தாறு வயதில் தாத்தா ஆவதற்கு எனக்குச் சம்மதமில்லை என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. சொத்து வெளியே போகாது, பெண் கண்ணுக்கு முன்னால் இருப்பாள், அறியாத இடத்தில் கொடுத்து அவதிப்பட வேண்டாம் என்றெல்லாம் எடுத்துரைத்து, தயங்கிய தம்பியை இணங்கச் செய்து, அந்தக் கலியாணத்தை முன்னின்று நடத்தியவன் நான்தான்.

இனி என் சந்தேகத்துக்கு வருகிறேன். அது நான் உத்தியோகத்தில் சேர்ந்த முதல் வருஷத்தில் பிறந்த சந்தேகம்.

அந்த வருஷம் ஆறாம் வகுப்பில் எனக்கு ஒரு மாணவன் இருந்தான். கடைசிப் பெஞ்சியில் உட்காருவான். சொல்வதை எழுதும் பயிற்சியில் அவனைப் போல் தவறு செய்கிறவன் வகுப்பில் வேறு யாரும் இல்லை. பெஞ்சிகளுக்கு நடுவே நடந்துகொண்டே சொற்களைச் சொல்லுவது என் வழக்கம். நான் "பட்டு" என்பேன். அவன் "கட்டு" என்று எழுதியிருப்பான். "தட்டு" என்பேன், "பட்டு" என்று எழுதுவான். ஆனால் கரும்பலகையின் அருகே நின்று அவனைப் பார்த்துச் சொன்னால் பிழையில்லாமல் எழுதிவிடுவான். இதிலிருந்து நான் என்ன முடிவு செய்தேன் தெரியுமா? உபாத்தியாயரின் பார்வை தன்மேல் இருக்கும்போது கவனிக்கிறான். முதுகுப் பக்கம் போய்விட்டால் அலட்சியம் செய்கிறான் என்று முடிவு செய்தேன். அவனுடைய மதிப்பெண் அட்டையில் "வேண்டுமென்றே கவனியாமை" என்று என் கையால் எழுதினேன். அந்த அட்டையைக் கண்டு அவன் தகப்பனார் என்ன செய்தார் என்பது மறுநாள் பையனுடைய கையைப் பார்த்தபோது தெரிந்தது.

மூன்று வருஷங்கள் கழித்துப் பள்ளியில் ஒரு வைத்திய முகாம் நடந்தது. காது பரிசோதிக்க வந்த அம்மையார் அவனை ஓர் அறையில் உட்கார வைத்து, தம் வாயைக் காகிதத்தால் மறைத்துக்கொண்டு சில சொற்களைச் சொல்லி எழுதச் சொன்னார். பிறகு காகிதத்தை என்னிடம் காட்டினார். "நீங்கள் தமிழ் வாத்தியார் அல்லவா? பாருங்கள், உயிரெழுத்தில் ஒரு தவறுகூட இல்லை. மெய்யெழுத்துத்தான் மாறியிருக்கிறது" என்றார். உயிரொலிகள் தாழ்ந்த சுருதியும் வலிவும் உள்ளவை. க, ச, த, ப போன்ற வல்லின மெய்களை வேறுபடுத்தும் ஒலியோ உயர்ந்த சுருதியில், மிக மெல்லியதாக இருக்கிறது. அந்த உயர்ந்த சுருதிதான் பையனுக்குக் கேட்கவில்லை. முகத்தைப் பார்க்கும்போது உதட்டசைவைக் கொண்டு ஈடு செய்துகொண்டான். உயிரும் மெய்யும் பற்றிப் பாடம் நடத்திக் கூலி வாங்கிய எனக்கு, ஒரு வருஷம் முழுவதும் என் சிவப்பு மையே அவனுடைய வியாதியைப் படம் வரைந்து காட்டியிருக்கிறது என்பது தெரியவில்லை!

அவனுக்குக் காதுக்கருவி வந்தது பதினான்காம் வயதில். பிறவியிலேயே இருந்த குறைதான் என்று சொன்னார்கள்.

வீட்டில் யாரும் சொல்லாத காரணம் எங்கள் சின்ன அத்தை. என் தகப்பனாரின் கடைசித் தங்கை. அவளுக்குக் காது கேளாது, பேச்சும் இல்லை. விவாகம் ஆகவில்லை. எங்கள் கிராமத்து வீட்டுச் சமையலறையிலேயே ஆயுளைக் கழித்தாள். அவளைக் கூப்பிட வேண்டுமானால் குழந்தைகளாகிய நாங்கள் மரப்பலகை போட்ட தரையில் காலால் ஓங்கி உதைப்போம். அதிர்வை உணர்ந்து திரும்பிப் பார்ப்பாள். மூன்று வயதில் கடுஞ்சுரம் வந்து காது போயிற்று என்று எங்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அத்தை பிறந்தது முதலே கேளாதவள் என்று என் பாட்டி இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன் என்னிடம் சொன்னாள். பெண்கள் கலியாணத்துக்கு நிற்கும் வீட்டில் சுரம் என்று சொல்வது சௌகரியமாக இருந்ததாம். தம்பிக்குப் பெண் பேசிய காலத்தில் இது எனக்கு ஞாபகம் வந்தது. வந்தும் நான் வாய் திறக்கவில்லை.

தீபாவளி கழிந்த மறுநாள் தம்பியிடம், "குழந்தைக்குக் காதைப் பரிசோதித்துவிடலாம்" என்றேன்.

வீடு இரண்டுபட்டது. "பிறந்த மறுகணம் எட்டு வீட்டுக்குக் கேட்க அழுதாளே, அவளா செவிடு?" என்றாள் அக்காள். "இப்போதுகூட 'ங்கா' என்கிறாளே, அண்ணா!" என்றான் தம்பி. உடனே பித்தளைத் தாம்பாளம் ஒன்று வந்தது. அக்காள் தொட்டிலுக்குப் பின்னால் நின்று கரண்டியால் ஓங்கி அடித்தாள். குழந்தை உடலைச் சிலிர்த்துக்கொண்டு கண் விழித்தது. "இப்போது என்ன சொல்கிறாய்?" என்று என்னைப் பார்த்தாள். அவள் முழங்கை தொட்டில் சங்கிலியில் இடித்ததை நான் கண்டேன். எனக்குச் சமையலறைத் தரையும் அத்தையும் நினைவுக்கு வந்தார்கள்.

அழுகையும் 'ங்கா'வும் காதுக்கு நற்சாட்சி ஆகமாட்டா. கேளாத குழந்தையும் நன்றாக அழும். முதல் சில மாதங்கள் மழலையும் பேசும். பிறகுதான் அந்த மழலை வளராமல் தேய்ந்து போகும். ஒன்றரை வயதில், இரண்டு வயதில், "இன்னும் பேசவில்லையே" என்று கவலை பிறக்கும். "இவன் அப்பனும் மூன்று வயதில்தான் பேசினான்" என்று ஒரு பெரியவர் ஆறுதல் கூறுவார். இன்னும் ஒரு வருஷம் போகும். மொழிக்கான பாதைகளை மூளை விரைந்து அமைத்துக்கொள்ளும் காலம் அதற்குள் பெரும்பாலும் கடந்திருக்கும். அபிமன்யு கருவிலேயே கேட்டான் என்பது கதை. ஆனால் ஏழாம் மாதத்து வளைகாப்பில் கலகலக்கும் வளையோசையைச் சிசுவின் உட்செவி வாங்கிக்கொள்ளக் கூடிய நிலையில் இருக்கிறது என்பது உண்மையே. கேட்கும் குழந்தை பிறக்கும்போதே சில மாதப் பாடத்தை முடித்துவிட்டு வருகிறது.

இதை முதலில் உணர்ந்து போராடியவர்களுள் ஒருவர் அமெரிக்காவில் டென்வர் நகரத்து மரியன் டவுன்ஸ் என்ற அம்மையார். 1960களில் அவர் பிரசவ விடுதிகளில் தொண்டர்களைக் கொண்டு, உறங்கும் சிசுக்களின் அருகே கருவியால் ஓசை எழுப்பிக் கண்ணிமைப்பையும் சிலிர்ப்பையும் குறிக்கச் செய்தார். இவ்விதம் 17,000 குழந்தைகளைப் பரிசோதித்த விவரத்தை 1969இல் வெளியிட்டார். ஒருவர் கண்ணுக்குச் சிலிர்ப்பாகத் தெரிந்தது மற்றொருவர் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் நிபுணர்கள் இம்முறையை ஏற்கவில்லை. (எங்கள் பித்தளைத் தாம்பாளத்தின் கதிதான்.) அதற்குப் பதிலாக, அபாயம் அதிகமுள்ள குழந்தைகளை மட்டுமாவது தனியே குறித்து வைத்துக் கவனிக்கலாம் என்று ஐந்து காரணங்கள் கொண்ட பட்டியல் ஒன்று 1972இல் வகுக்கப்பட்டது. அப்பட்டியல் வரவர நீண்டது. குடும்பத்தில் சிறுவயதிலிருந்து கேளாமை உள்ளவர் இருத்தல், கருவுற்ற தாய்க்கு ருபெல்லா, சைட்டோமெகலோ வைரஸ், சிபிலிஸ் போன்ற தொற்றுகள் கண்டிருத்தல், குறைந்த எடையோடு பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து நாளுக்கு மேல் கிடத்தல், பிறந்தவுடன் மூச்சுத் திணறல், இரத்தத்தையே மாற்றும்படி முற்றிய மஞ்சள் காமாலை, ஜென்டாமைசின், அமிகாசின் வகை மருந்துகள், மூளைக் காய்ச்சல், காது, முகம் ஆகியவற்றின் அமைப்பில் பிறவிக் குறை. இவை எல்லாவற்றோடும், "குழந்தைக்குக் கேட்கவில்லையோ" என்று தாய்க்குத் தோன்றும் சந்தேகமும் அந்தப் பட்டியலில் இடம் பெற்றிருக்கிறது. இது எனக்கு மிகவும் பிடித்தது.

ஆனால் பட்டியலை மட்டும் நம்பினால் பாதிப் பேர் தப்பிவிடுகிறார்கள். பிறவிக் கேளாமை உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்தக் காரணங்களில் ஒன்றுமே இருப்பதில்லை. 1,000 சிசுக்களில் 1 முதல் 3 வரை நிரந்தரக் கேளாமையோடு பிறக்கின்றன. தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வெளிவரும் குழந்தைகளில் இது 100க்கு 2 முதல் 4 வரை. ஆகவே எல்லாச் சிசுக்களையும் பார்ப்பதே வழி. அதற்கு வழி திறந்தவர் லண்டனில் டேவிட் கெம்ப். 1978இல் அவர் ஓர் அதிசயத்தை வெளியிட்டார்: நல்ல காது ஒலியை வாங்குவதோடு நிற்பதில்லை, உட்செவியிலுள்ள நுண்ணிய மயிர் உயிரணுக்கள் தாமும் துடித்து ஒரு மெல்லிய எதிரொலியை வெளியே அனுப்புகின்றன. காது இவ்விதம் ஒலி எழுப்பக் கூடும் என்று தாமஸ் கோல்ட் என்பவர் 1948லேயே ஊகித்தார், யாரும் நம்பவில்லை. கெம்ப் மைக் வைத்துக் கேட்டே காட்டிவிட்டார். உறங்கும் சிசுவின் காதில் சிறு முனையைச் செருகி, 'டக் டக்' என்று ஒலி செலுத்தி, எதிரொலி வருகிறதா என்று பார்ப்பதே இப்பரிசோதனை. வலி இல்லை, சில நிமிஷங்கள் போதும். எதிரொலி நன்றாக இருந்தும் நரம்பு வழியில் பழுது இருக்கலாம். ஆகையால் காமாலை முற்றிய குழந்தைகளுக்கும் தீவிர சிகிச்சையில் இருந்தவைகளுக்கும் தலையில் மின்வாய்களை ஒட்டி நரம்பின் விடையைப் பதிவு செய்யும் 'பெரா' என்னும் பரிசோதனையும் வேண்டும்.

ஒரு மாதத்துக்குள் முதற் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதியான முடிவு, ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பது உலகெங்கும் வழங்கும் கணக்கு. ஆறு என்பது வாய்க்கு வந்த எண் அல்ல. கொலராடோ மாகாணத்தில் யோஷினாகா இட்டானோ என்ற அம்மையாரும் அவருடைய தோழர்களும் 1998இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஆறு மாதத்துக்குள் கண்டறியப்பட்ட குழந்தைகள் பின்னால் கண்டறியப்பட்டவர்களைவிட மொழியில் மிகவும் முன்னேறியிருந்தார்கள். என் ஆறாம் வகுப்பு மாணவனுக்கு ஆறு மாதம் பதினான்கு வருஷமாயிற்று.

நம் தேசத்தில் 2013இல் தொடங்கிய குழந்தை நலத் திட்டத்தில் பிறவிக் கேளாமையும் கண்டறிய வேண்டிய குறைகளுள் ஒன்று. ஜில்லாத் தலைநகரங்களில் இதற்கென மையங்கள் இருக்கின்றன. ஆனால் எங்கள் குழந்தை பிறந்த சிறு பிரசவ விடுதியில் கருவி இல்லை. "வெளியே பரிசோதித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லும் வழக்கமும் இல்லை. சுகப்பிரசவம், மூன்று கிலோ எடை, மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தாயிற்று. யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

முடிவில் வழக்கைத் தீர்த்து வைத்தவள் குழந்தையின் தாய். அதுவரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. "மாமா சொல்கிறபடி போய்விட்டு வரலாம். நான் பாடினால் இவள் அழுகை நிற்பதில்லை, தூக்கினால்தான் நிற்கிறது" என்றாள். அவளுக்கு எத்தனை நாளாக இந்த எண்ணமோ!

ஆறாம் வாரம் நாங்கள் நால்வரும் ஜில்லா மையத்துக்குப் போனோம். ஒரு பெண் படிவத்தை வைத்துக்கொண்டு கேள்விகள் கேட்டாள். எடை, காமாலை, ஊசி மருந்து எல்லாவற்றுக்கும் "இல்லை, இல்லை" என்று அக்காளே விடை சொல்லி வந்தாள். "தாய் தகப்பன் சொந்தத்தில் கலியாணமா?" என்றதற்கு, "ஆமாம், தாய்மாமன்தான்" என்றாள் சற்றே பெருமையுடன். "குடும்பத்தில் யாருக்காவது சின்ன வயதிலிருந்து காது கேளாமை உண்டா?"

"இல்லை" என்றாள் அக்காள்.

"உண்டு" என்றேன் நான்.

அக்காள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே வர்ணிக்க மாட்டேன். தம்பி தரையைப் பார்த்தான். நான் அத்தையைப் பற்றிச் சொன்னேன். கலியாணத்துக்கு முன்பே எனக்குத் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அந்தப் பெண் நிதானமாக எழுதிக்கொண்டாள்.

முதற் பரிசோதனையில் இரண்டு காதுகளும் தேறவில்லை. "இதனால் கேளாது என்று அர்த்தம் இல்லை. காதில் அழுக்கோ நீரோ இருக்கலாம், குழந்தை அசைந்திருக்கலாம். இப்படித் தவறும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் காது நன்றாகவே இருக்கும். ஆனால் கட்டாயம் திரும்ப வரவேண்டும்" என்றார் டாக்டர். வெடிச் சத்தத்தில் உறங்கியதைச் சொன்னேன். நல்ல காதுள்ள குழந்தையும் சில வேளை உறங்கும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றார். பெரும்பாலோருக்கு நன்றாக இருக்கும் என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, திரும்ப வராமலே போகும் குடும்பங்கள் பல உண்டாம். அக்காளும் அந்த வார்த்தையைத்தான் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் போனோம். மறுபடியும் தேறவில்லை. குழந்தைக்கு மூன்று மாதம் நிறைய நாலு நாள் இருக்கும்போது 'பெரா' முடிந்தது. இரண்டு காதுகளிலும் 90 டெசிபலுக்குக் கீழே ஒரு விடையும் இல்லை.

டாக்டர் ஒரு காகிதத்தில் வட்டங்கள் வரைந்து விளக்கினார். கேளாமைக்குரிய பழுதடைந்த மரபணு ஒன்று நம்மில் பலரிடம் ஒளிந்து கிடக்கலாம். கூட நல்லதொன்று இருப்பதால் அது வெளியே தெரிவதில்லை. தாய், தகப்பன் இருவரிடமும் அதே பழுது இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு, இரண்டு பழுதும் குழந்தைக்குச் சேர்ந்துவிட இடமுண்டு. அந்நியத்தில் மணந்தால் இருவரிடமும் ஒரே பழுது இருப்பது அபூர்வம். தாய்மாமனுக்கும் மருமகளுக்கும் மரபணுவில் கால் பங்கு பொது. "உங்கள் விஷயத்தில் இதுதான் காரணம் என்று இரத்தப் பரிசோதனை செய்யாமல் சொல்ல மாட்டேன்" என்றார். அவர் சொல்லாததை நான் சொல்லிக்கொண்டேன்.

அன்றிரவு தம்பி மொட்டை மாடிக்கு வந்தான். "அத்தை விஷயம் தெரிந்திருந்தால் நான் மாட்டேன் என்றிருப்பேன் என்று நினைக்கிறாயா, அண்ணா?" என்றான். நான் பதில் சொல்லவில்லை. "தெரியவில்லை. ஆனால் நீ சொல்லியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டான். அதன் பிறகு ஒரு மாத காலம் எங்களுக்குள் காரியத்துக்கு வேண்டிய பேச்சு மட்டும் இருந்தது.

ஐந்தாம் மாதத்தில் காதுக்கருவிகள் வந்தன. கருவி வந்தவுடன் குழந்தை துள்ளிச் சிரிக்கும் என்று நான் எதிர்பார்த்தது என் அறியாமை. அது கருவியைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டது. ஒரு நாளைக்கு முப்பது தடவை மாட்டினால் முப்பத்தொரு தடவை பிடுங்கும். அந்த நாட்களில்தான் என் பழைய மாணவனை நினைத்துக்கொண்டு தேடிப் பிடித்தேன். இப்போது ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். அந்த மதிப்பெண் அட்டையைப் பற்றி நான் பேச்செடுத்தபோது, "அது கிடக்கட்டும், ஸார்" என்று கையமர்த்திவிட்டு, குழந்தையின் தொட்டிலை ஜன்னலுக்கு எதிரே திருப்பிப் போடச் சொன்னான். பேசுகிறவர்கள் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும். குழந்தையின் முகத்தில் அல்ல என்றான். காது வளர வளரச் செவி அச்சை அடிக்கடி புதிதாக எடுக்க வேண்டும், தளர்ந்தால் கருவி 'கீ' என்று கத்தும் என்றும் சொல்லிக்கொடுத்தான். வெளியே போகும்போது சத்தம் அதிகமான சமையலறையில் குழந்தையை வைத்துக்கொண்டு பேசவேண்டாம் என்று அக்காளுக்கு உத்தரவு போட்டான். அக்காள் மறுபேச்சில்லாமல் தலையாட்டினாள். என் பேச்சுக்கு அவள் அப்படித் தலையாட்டி நான் பார்த்ததில்லை.

இப்போது குழந்தைக்குப் பத்து மாதம். தாய் பயிற்சியாளரிடம் வாரம் இரண்டு நாள் பஸ்ஸில் போய்வருகிறாள். கருவியோடுகூட மெல்லிய ஒலிகள் இன்னும் எட்டவில்லை என்பதால், ஒரு வயது நிறைந்ததும் உட்செவியில் பொருத்தும் காக்ளியர் கருவியைப் பற்றி முடிவு செய்யவேண்டும். பல லட்ச ரூபாய் ஆகக் கூடிய சிகிச்சை. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு நம் ராஜ்யத்தின் காப்பீட்டுத் திட்டம் செலவை ஏற்றுக்கொள்கிறது. காகிதங்களைச் சேகரிக்கும் உத்தியோகம் எனக்கு. தம்பியும் நானும் சேர்ந்து தாலுகா கச்சேரிக்கு வருமானச் சான்றுக்காக மூன்று முறை அலைந்ததில் பழையபடி பேச ஆரம்பித்துவிட்டோம்.

பிடுங்கும் உபத்திரவத்துக்கு அக்காள்தான் பரிகாரம் கண்டுபிடித்தாள். பழைய வாயில் புடவையைக் கிழித்து, காதை மூடி மோவாயின் கீழ் நாடா கட்டும் குல்லாய் ஒன்று தைத்தாள். ஒலி உள்ளே புகும்படி மெல்லிய துணி. நாலு நிறத்தில் நாலு குல்லாய் இருக்கின்றன. போன வாரம் அடுத்த தெரு அம்மாள் ஒருத்தி வந்து, "இந்த வெயிலில் குழந்தைக்கு எதற்குக் குல்லாய்?" என்று கேட்டாள். நான் திண்ணையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அக்காள் முன்போல ஏதாவது சொல்லி மழுப்புவாள் என்று எதிர்பார்த்தேன்.

"காதுக்கருவி விழாமல் இருக்கத்தான்" என்றாள் அக்காள். "எங்கள் சின்ன அத்தைக்கும் பிறவியிலேயே கேட்காது. உங்கள் மருமகளுக்கு இது எத்தனையாவது மாதம்?"